உச்சிப்புளி மணலில் மலைவேம்பு: இலை உதிர்ந்தால் தண்ணீர் மிச்சமா?

உச்சிப்புளிக்கு வடக்கே, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நான்கு ஏக்கர் மணல் நிலம் இருக்கிறது, தென்னையில் பாதி பட்டுப்போய்விட்டது, அந்த இடத்தில் வேகமாக வளரும் மலைவேம்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்று விற்கிறவர், "இது இலை உதிர்க்கிற மரம், வருசத்தில் பாதி நாள் மொட்டையாக நிற்கும், அதனால் பாதித் தண்ணீர்தான் குடிக்கும், நீர்ப் பயன்பாட்டுத் திறனும் அதிகம்" என்றாராம். பாப்லர் மரத்தைப் பற்றிய வெளிநாட்டு எண்கள் சிலவற்றையும் நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். கிணற்றுத் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 2,500 என்றும் போகிறபோக்கில் ஒரு வரி. கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பெய்கிற மழையையும் கிணற்றில் கிடைப்பதையும் வைத்து இந்த மரம் உங்கள் நிலத்தில் எடை போடுமா, போட்டால் எவ்வளவு? வனவியல் படித்து, மரங்களின் நீராவிப்போக்கை அளக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாதது எது என்பதையும் அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

முதலில் அந்தத் "திறன்". ஒரு லிட்டர் தண்ணீரை இலை வழியாக ஆவியாக விட்டு மரம் எத்தனை கிராம் உலர்நிறை (ஈரம் நீக்கிய எடை) சேர்க்கிறது என்ற விகிதம்தான் அது. வண்டியின் மைலேஜ் மாதிரி. மைலேஜ் நன்றாக இருக்கிற வண்டி என்பதற்காக மாதப் பெட்ரோல் செலவு குறைந்துவிடாது, எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்பதும் இருக்கிறது. வேகமாக வளரும் மரம் நிறைய ஓடும் வண்டி. அதன் விகிதம் நன்றாகவே இருந்தாலும் மொத்தத்தில் அதிகம் குடிக்கலாம். விற்பவர் விகிதத்தையும் மொத்தத்தையும் ஒன்றாகக் கலந்து சொல்லியிருக்கிறார்.

இலைக்குள் நடப்பது எளிது. கரியமில வாயு உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் ஈரம் வெளியே போகும். ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் போய்விடுகின்றன. எத்தனை நூறு என்பது மரத்தின் இனத்தை விடவும் வெளியே காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இலைக்குள் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும், வெளிக் காற்றில் அதைவிடக் குறைவு. இந்த வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் இழுபடும். கார்த்திகை மாதம் 27 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் அந்த வித்தியாசம், நீராவியின் அழுத்தமாகச் சொன்னால், 0.7 கிலோபாஸ்கல். ஆனி மாதம் உங்கள் பக்கம் 33 டிகிரி, 65 சதவீதம் என்றால் 1.75. அதே ஆனியில் பரமக்குடி, கமுதிப் பக்கம் 37 டிகிரி, 40 சதவீதம் என்றால் 3.8. இலைத்துளை ஒரே அளவு திறந்திருக்கிறது என்று கொண்டால், ஒரு கிலோ கட்டைக்குக் கார்த்திகையில் ஆகிற தண்ணீரைப்போல் ஆனியில் உங்களிடம் இரண்டரை மடங்கும், கமுதியில் ஐந்து மடங்குக்கு மேலும் ஆகும். வெயில் ஏறினால் மரம் துளையைச் சுருக்கிக்கொள்ளும், அதனால் நிஜத்தில் வித்தியாசம் இவ்வளவு நேர்கோட்டில் இருக்காது. ஆனால் திசை மாறாது. இரண்டு பக்கமும் கடல் இருக்கிற உச்சிப்புளி, மண்டபம் வட்டாரத்துக்கு இந்த ஒரு விஷயத்தில் உள்நாட்டுக் கரிசல்காட்டை விட அனுகூலம் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலோரம் என்றாலே எல்லாம் கெடுதல் என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே இலையுதிர் மரத்தில் பார்க்க வேண்டியது இலை இல்லாத மாதங்களின் எண்ணிக்கையை அல்ல, எந்த மாதங்கள் என்பதை. நம் மாவட்டத்துக்கு வருடம் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அப்போதுதான் மண்ணில் ஈரம், காற்றிலும் ஈரம். ஒரு லிட்டருக்கு அதிகக் கட்டை கிடைக்கிற காலம் அதுதான். மலைவேம்போ மேற்குத் தொடர்ச்சி மலை, இமயமலையின் கிழக்குப் பகுதி, இலங்கை போன்ற மழை கூடுதலான இடங்களின் மரம். பொதுவாக மார்கழி, தை வாக்கில் இலையைக் கொட்டி, மாசி பங்குனியில் தளிர்க்கும். தென்மேற்குப் பருவமழை பெறும் ஊரில் இந்தக் கணக்கு அழகாக ஒத்துவரும்: தளிர் விரிந்து முற்றுகிற நேரத்துக்கு மழை வந்துவிடும். இராமநாதபுரத்தில் தலைகீழ். மழையில் நிலம் ஊறிக் கிடக்கும்போதே மரம் மொட்டையாகத் தொடங்கும். வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது முழு இலையோடு நிற்கும். தேக்குக்கும் ஏறக்குறைய இதே சங்கடம். மழைக்குப் பிறகு இலையை உதிர்த்து, சித்திரை வைகாசியில் பெரிய பெரிய இலைகளை விரிக்கும்.

"மொட்டையாக நிற்கும்போது மிச்சம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். இலை இல்லாத மரம் மிகக் குறைவாகவே நீரை இழக்கும் என்பது உறுதி. ஆனால் மிச்சமான நீர் எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் தங்கி, தளிர்க்கும்போது உதவும். மணலில் பெய்தது நாலைந்து நாளில் வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஊற்றில் போய்ச் சேர்வதால் அது வீண் என்று சொல்ல மாட்டேன், அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு நல்லதுதான். உங்கள் மரத்தின் கணக்கில் மட்டும் அது வரவு ஆகாது.

இன்னொன்று, கன்று விற்பவர்கள் சொல்லாதது. சொட்டுநீர் போட்டால் இந்த மரங்கள் ஒழுங்காக மொட்டையாவதே இல்லை. வெப்பமண்டல மரங்களில் இலையுதிர்வை முடுக்குவது பெரும்பாலும் வறட்சிதான். நீர் கிடைத்தால் இலையைப் பிடித்துக்கொள்ளும், உதிர்த்தாலும் சீக்கிரம் தளிர்த்துவிடும். மலைவேம்பை வேகமாக வளர்ப்பது என்றால் முதல் இரண்டு மூன்று வருடம் நீர் பாய்ச்சியே ஆக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். நீர் பாய்ச்சினால் இலை உதிர்வதால் வரும் மிச்சம் போய்விடும். பாய்ச்சாவிட்டால் வேகம் போய்விடும். இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் விற்க முடியாது.

பாப்லர் எண்களை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. பாப்லர் குளிருக்காக இலை உதிர்க்கிற மரம், நம் மரங்கள் வறட்சிக்காக. நம் நாட்டில் அது பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் போன்ற, பாசன வசதி உள்ள வடக்கு மாவட்டங்களில்தான் வளர்கிறது. இங்கே வராது. ஆனால் பாப்லர் ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பாடம் உண்டு. பிரான்சில் 29 கலப்பினப் பாப்லர் ரகங்களை ஒரே இடத்தில் நட்டு, இலையில் உள்ள கார்பன்-13 அளவைக் கொண்டு நீர்த்திறனைக் கணித்த ஆய்வு 2006-ல் வெளியானது. வேகமாக வளர்ந்த ரகங்கள்தான் திறன் மிக்கவை என்றோ, மெதுவானவைதான் சிக்கனம் என்றோ அதில் தெரியவில்லை. வளர்ச்சியும் நீர்த்திறனும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாமல் தனித்தனியே நின்றன. "வேகமாக வளர்கிறது, ஆகவே திறன் அதிகம்" என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. ரகத்துக்கு ரகம் பார்த்துத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு என்ற நல்ல செய்தியும் அதில்தான் இருக்கிறது. மலைவேம்பிலும் விதைக்கன்று மரத்துக்கு மரம் நிறைய மாறுபடும்.

கார்பன்-13 முறையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடலோரத்தில் அது ஏமாற்றும். காற்றில் சாதாரணக் கார்பனோடு கொஞ்சம் கனமான கார்பனும் உண்டு, அதுதான் கார்பன்-13. இலைத்துளை தாராளமாகத் திறந்திருந்தால் மரம் கனமானதை ஒதுக்கித் தள்ளும். துளை சுருங்கியிருந்தால் உள்ளே இருப்பதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே இலையிலோ கட்டையிலோ கனமான கார்பன் கூடினால் திறன் கூடியதாகக் கணக்கு. ஆனால் உப்புத் தண்ணீரும் துளையைச் சுருக்கும். உப்பில் தவிக்கிற மரத்தை இந்த முறையில் அளந்தால் "ஆகா, என்ன திறன்!" என்று காட்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்காது. திறன் அதிகம் என்ற ஒற்றை எண்ணை வைத்துக் கடலோர நிலத்துக்கு மரம் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை.

இலையுதிர் மரமா, பசுமை மாறா மரமா, எது திறனில் மேல்? இது இன்னும் முடியாத விவாதம். இலையுதிர் மரத்தின் இலை மெல்லியது, ஆயுள் குறைவு. கிடைத்த சில மாதத்தில் சம்பாதித்துவிட வேண்டும் என்பதால் துளையைத் தாராளமாகத் திறக்கும். ஆகவே அதே இடத்தில் நிற்கும் பசுமை மாறா மரத்தைவிட ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே சேர்க்கும் என்று பல உலர்காட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. எதிர்மாறான முடிவுகளும் உண்டு. எந்த மாதத்தில் அளந்தார்கள், வேர் எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது. விற்பவர் சொன்னதுபோல் "இலையுதிர்வதால் திறன் அதிகம்" என்று பொதுவிதி எதுவும் இல்லை என்பது மட்டும் உறுதி.

இனி பணக் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 800 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 32 லட்சம் லிட்டர். மணலில் வேருக்குக் கீழே இறங்கியது, மண்ணிலிருந்தே ஆவியானது, புல் குடித்தது எல்லாம் போகப் பாதி மரத்துக்குக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைப்போம்: 16 லட்சம் லிட்டர். வேகமாக வளரும் மரங்கள் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2 முதல் 5 கிராம் உலர்நிறை சேர்க்கும். நடுவில் 3 என்று எடுத்தால் ஏக்கருக்கு வருடம் 4.8 டன். இதில் இலை, சிறு கிளை எல்லாம் அடக்கம். அடிமரம் மட்டும் மூன்று டன்னுக்குள்தான் வரும். வெட்டிய ஈரத்தோடு எடைமேடையில் ஏற்றினால் ஐந்து, ஆறு டன் காட்டலாம். கன்று விற்பவர் உங்களிடம் கொடுத்த துண்டுச்சீட்டில் இதைவிடப் பல மடங்கு எழுதியிருந்தால், அந்த மிச்சக் கட்டைக்கான தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். உங்கள் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும். மேலே போட்ட 3 கிராம், பாதி மழை இரண்டும் என் அனுமானங்கள். உங்கள் நிலத்தில் கூடலாம், குறையலாம். ஆனால் கிணற்று நீர் சேர்க்காதவரை மழையின் அளவு என்ற உச்சவரம்பை யாராலும் தாண்ட முடியாது.

கன அடியில் பேசுகிறவர்களிடமும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. வேகமாகப் பருக்கிற மரம் பெரும்பாலும் இலகுவான மரம். அதே எடைக் கட்டை அதிக இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்று நம் ஊரில் கேட்பதற்குள் இந்த விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. பிளைவுட்டுக்கும் தீக்குச்சிக்கும் இலகுவான கட்டையே வேண்டும் என்பதால் அது குறை இல்லை. நீர்க் கணக்கு போடும்போது மட்டும் கன அடியை விட்டுவிட்டு உலர் எடையைப் பார்க்க வேண்டும்.

கிணற்றுக்கு வருவோம், எனக்கு உண்மையான கவலை இங்கேதான். உங்கள் வட்டாரத்தில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படலம். கடல்நீர் நன்னீரைவிடக் கிட்டத்தட்ட 2.5 சதவீதம் கனம். அந்தக் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நன்னீரை அது தாங்கும். திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். இது ஒரே சீரான மணலுக்கான பாடக் கணக்கு. நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் மாறும், ஏறுவதற்கும் காலம் எடுக்கும். ஆனாலும் நான்கு ஏக்கர் முழுக்க அடர்த்தியாக நட்டு, கோடை மூன்று மாதமும் மோட்டார் ஓட்டினால், தென்னையைப் பாதித்தது எதுவோ அதையே நீங்கள் மேலே இழுக்கிறீர்கள். உங்கள் தென்னை பட்டதற்கு உப்புதான் காரணமா, வேர்வாடல் நோயா, வண்டா என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் குழியிலேயே அடுத்த மரத்தை வைக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், சீமைக்கருவேல் காற்றிலிருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும் என்று கருத்து எழுதியிருந்தார். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை அது. இலை ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கும், ஊர்க்காற்றை உலர்த்துகிற அளவுக்கு எந்த மரமும் எடுப்பதில்லை. அந்த மரத்தின் மேல் சொல்ல வேறு நியாயமான புகார்கள் இருக்கின்றன. அது இலையையும் முழுதாக உதிர்க்காது, அதனால் இந்தக் கேள்விக்குள் வராது.

அப்படியானால் என்ன வைக்கலாம்? இலையுதிர் மரமேதான் வேண்டும் என்றால் என் முதல் தேர்வு முருங்கை. தண்டிலும் கிழங்கான வேரிலும் நீரைச் சேமித்து வைக்கும், காயில் வருடா வருடம் காசு வரும், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டில் அது வளர்வதைப் பார்க்கலாம். உப்பை ஓரளவுக்குத்தான் தாங்கும். இரண்டாவது பெருமரம், தீக்குச்சிக்குப் போகிறதே, அதுதான். மழை குறைந்த இடத்திலும் வரும், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிலுக்கு வேண்டிய மரம், தழையை ஆடு தின்னும். ஆனால் நீர் தேங்கினால் செத்துவிடும், ஆகவே உங்கள் நிலத்தில் மழைக்குத் தண்ணீர் நிற்கிற பள்ளம் இருந்தால் அங்கே வேண்டாம். குமிழ் கேட்டிருந்தீர்கள். நல்ல மரம், நல்ல மண்ணுக்கான மரம், ஆடுமாடு விடாது. இங்கே நான் வைக்க மாட்டேன்.

இலை உதிர்வதுதான் முக்கியம் என்ற எண்ணத்தைத் தள்ளிவைத்தால் வழி இன்னும் அகலம். சவுக்கு உப்புக்காற்றையும் மணலையும் தாங்கும், வேர் முடிச்சில் நுண்ணுயிர் மூலம் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், இலைத்துளைகள் குச்சியின் பள்ளங்களுக்குள் ஒளிந்திருப்பதால் காற்று நேராக அடித்து உலர்த்தாது, கம்புக்கும் காகிதக் கூழுக்கும் விலை உண்டு. பூவரசு, புங்கன், வேம்பு எல்லாம் மெதுவாக வரும், ஆனால் நிற்கும். உடைமரம் இந்தக் கடற்கரையின் சொந்தப் பிள்ளை, காசு என்று பார்த்தால் ஆட்டுக்கு நெற்று, அடுப்புக்கு விறகு, அவ்வளவே. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கச்சான் வருகிற தென்மேற்கு ஓரத்தில் மூன்று நான்கு வரிசை சவுக்கு வைப்பேன். அதன் மறைவில் காற்றின் வேகமும் உப்புத் தூவலும் குறையும், உள்ளே இருக்கிற மரங்களின் இலையும் அவ்வளவு கருகாது. பிறகு ஒரு ஏக்கரில் முருங்கை. மலைவேம்பின் மேல் ஆசை தீரவில்லை என்றால் மேடான இடத்தில் இருபது கன்று வைத்துப் பாருங்கள், நான்கு ஏக்கர் வேண்டாம்.

அந்த இருபதில் திறனை நீங்களே அளக்கலாம், கருவி தேவையில்லை. சொட்டுநீர்க் குழாயில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்று வாளியில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலரை அடி உயரத்தில் பெயின்ட் கோடு போட்டு, மாதம் ஒருமுறை சுற்றளவை நாடாவால் எடுங்கள். இலை கொட்டத் தொடங்கிய தேதி, முழுக்க மொட்டையான தேதி, தளிர் விரிந்த தேதி மூன்றையும் குறியுங்கள். இரண்டு வருடக் குறிப்பு இருந்தால் எந்த மாதத்துத் தண்ணீர் மரத்தைப் பெருக்கவைத்தது, எது வெறுமனே ஆவியாகப் போனது என்று தெரிந்துவிடும். ஆனி ஆடியில் சுற்றளவு அசையாமல் நின்றால், அந்த மாதங்களில் உயிர்பிழைக்கிற அளவுக்கு மட்டும் கொடுத்தால் போதும். இலை விளிம்பு கருகி, பிறகு உதிர்ந்தால் அது இயல்பான இலையுதிர்வு இல்லை, உப்பு. பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கடைசியாக அந்த 2,500 டி.டி.எஸ். அதாவது லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைந்த உப்புகள். ஒரு கன்றுக்குத் தினம் 20 லிட்டர் வீதம் வருடத்தில் 200 நாள் பாய்ச்சினால் 4,000 லிட்டர், அதோடு 10 கிலோ உப்பு அந்த ஒரு குழிக்குள் போகிறது. மரம் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளாமல் வேரைச் சுற்றியே விட்டுவிடும். சுத்தமான மணலாக இருந்தால் ஐப்பசி கார்த்திகை மழை அதைக் கழுவிக் கீழே தள்ளும். ஆறடியில் களிமண் படுகை இருந்தால் கழுவினது அங்கேயே நின்று அடுத்த கோடையில் மேலே வரும். ஆகவே கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், மழை நின்ற பிறகு ஓரடி, மூன்றடி, ஆறடி ஆழங்களில் மண் எடுத்து இராமநாதபுரத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் விசாரியுங்கள். மண்சாறின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 4-ஐத் தாண்டினாலே அது உவர்நிலம் என்று கணக்கு. மழை கழுவிய பிறகும் மூன்றடியில் அந்த அளவு இருந்தால் மலைவேம்பு இருபதும் வேண்டாம், சவுக்கையும் பூவரசையும் வைத்துவிடுங்கள்.